அணைந்தும் அணையாத சிவப்பு விளக்கு

எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1962-இல் வெளிவந்தது. ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே உள்ள அபிங்டன் தொழிற்சாலையில் 1980 வரை 5 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் தயாராகி, அவற்றில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குக் கப்பலேறின. கடைசி வண்டி வெளியே வந்து 40 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஏராளமான எம்.ஜி.பி.க்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு ஸ்பேனர் செட்டும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே பிரித்துப் பூட்டிவிடலாம் என்பது அந்த ஆயுளுக்கு ஒரு காரணம். கார்புரேட்டரைத் தயங்காமல் கழற்றுகிறவர்கள்கூட டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு தப்பாக எரிந்தால் கையைப் பிசைகிறார்கள். எண்ணெயும் பல்சக்கரமும் கண்ணுக்குத் தெரிகின்றன, மின்சாரம் தெரிவதில்லை.

பேட்டரிக்கு சார்ஜ் ஏறுகிறதா என்று காட்டுவதற்காக வைத்த விளக்கு அது. சாவி போட்டதும் எரிய வேண்டும், எஞ்சின் கிளம்பியதும் அணைய வேண்டும். பழைய வண்டிகளில் இந்த ஒழுங்கு பலவிதமாகக் கெடுகிறது. சில வண்டிகளில் சாவி போட்டாலும் எரிவதில்லை. சிலவற்றில் எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அணைவதில்லை. சில வண்டிகள் பகலெல்லாம் நன்றாக இருந்துவிட்டு, இரவில் ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டதும் மங்கலாகச் சிவக்கத் தொடங்கும். இன்னும் சிலவற்றில் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிய பிறகும் உள்ளே மினுக்கென்று எரிந்துகொண்டிருக்கும்.

இந்த நான்குக்கும் பெரும்பாலோர் செய்யும் வைத்தியம் ஒன்றே: பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை மாற்றிவிடுவது. புதியது பூட்டிய பிறகும் விளக்கு பழையபடியே மங்கலாக எரிவதைப் பார்த்து, அதுவும் கோளாறான சரக்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்றாவது ஒன்றை வாங்குகிறவர்களும் உண்டு. பணம் வீணாவதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. அந்தச் சின்ன பல்பு காரணத்தைக் கிட்டத்தட்ட எழுதியே காட்டுகிறது. அதைப் படிக்காமல் பாகம் மாற்றுகிறோம்.

அது எதைக் காட்டுகிறது? பல்புக்கு இரண்டு முனைகள். ஒரு முனைக்கு இக்னிஷன் சாவி வழியாக பேட்டரியின் மின்சாரம் வருகிறது. ஹெட்லைட் பல்பாக இருந்தால் மறுமுனை நேராக எர்த்துக்குப் போயிருக்கும். இங்கே அது ஆல்டர்னேட்டரின் ஒரு சிறு டெர்மினலுக்குப் போகிறது. எஞ்சின் நிற்கும்போது அந்த டெர்மினலில் மின்னழுத்தம் ஏறக்குறைய பூஜ்யம். சாவிப் பக்கம் 12 வோல்ட். வித்தியாசம் 12 வோல்ட், அதனால் பல்பு நன்றாக எரிகிறது. எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் வேலை செய்யத் தொடங்கியதும் அந்தச் சிறு டெர்மினலும் 14 வோல்ட்டுக்கு ஏறுகிறது. சாவிப் பக்கமும் அதே 14. வித்தியாசம் இல்லை, மின்னோட்டம் இல்லை, விளக்கு அணைகிறது. ஆக, பல்பின் இரு முனைகளிலும் மின்சாரம் இருந்தும் அது அணைந்திருக்கிறது. அந்த பல்பு அளப்பது இரண்டு முனைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நான்கு கோளாறுகளும் தாமாகப் பிரிந்து நிற்கும்.

ஆல்டர்னேட்டருக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். 1970களின் தொடக்கத்து எம்.ஜி.பி.யில் இருந்தது லூகாஸ் நிறுவனத்தின் 16ஏ.சி.ஆர். என்ற மாடல், அதிகபட்சம் 34 ஆம்பியர் தரும். நடுவில் சுழலும் ரோட்டார் ஒரு மின்காந்தம். அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஸ்டேட்டாரில் மூன்று சுருள்கள். ரோட்டார் சுழலும்போது சுருள்களில் உண்டாவது மாறுமின்னோட்டம். பேட்டரிக்கு வேண்டியது நேர்மின்னோட்டம். 6 டையோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்பிப் பெரிய டெர்மினல் வழியாக பேட்டரிக்கு அனுப்புகின்றன. இவை தவிர இன்னும் 3 சிறு டையோடுகள் உண்டு. அவை சுருள்களிலிருந்து கொஞ்சம் மின்சாரத்தைப் பிரித்து ரோட்டாருக்கே திருப்பிக் கொடுக்கின்றன. அதாவது தன் மின்காந்தத்துக்குத் தேவையான மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் தானே உண்டாக்கிக்கொள்கிறது. விளக்கின் மறுமுனை சேருவது இந்த 3 டையோடுகள் சந்திக்கும் இடத்தில்தான்.

ஓடத் தொடங்கிய பிறகு சரி. முதல் சுற்றில் என்ன ஆகும்? மின்காந்தம் உயிர்பெற மின்சாரம் வேண்டும், மின்சாரம் உண்டாக மின்காந்தம் வேண்டும். ரோட்டாரின் இரும்பில் பழைய காந்தம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றாலும், அதனால் உண்டாகும் சொற்ப மின்னழுத்தம் டையோடுகளைத் தாண்டக்கூடப் போதாது. ஒவ்வொரு சிலிக்கன் டையோடும் திறக்க 0.6 வோல்ட் அளவு கேட்கும். முதல் தூண்டுதலைக் கொடுப்பது நம் சிவப்பு விளக்குதான். அது 2.2 வாட் பல்பு. 12 வோல்ட்டில் 0.18 ஆம்பியர் இழுக்கும். அந்த 0.18 ஆம்பியர் பல்பைத் தாண்டி நேராக ரோட்டார் சுருளுக்குள் போய் அதை லேசாகக் காந்தமாக்குகிறது. மீதியை ஆல்டர்னேட்டர் பார்த்துக்கொள்கிறது. ஓட்டுநருக்குச் செய்தி சொல்லும் பல்பே ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடவும் செய்கிறது. கூடுதலாக ஒரு ஒயர்கூட இல்லாமல் இரண்டு வேலையையும் முடித்த அந்தப் பொறியாளர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது.

இனி நான்கு கோளாறுகளையும் படிக்கலாம்.

சாவி போட்டும் விளக்கு எரியவில்லை என்றால் அந்தப் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. பல்பு கருகியிருக்கலாம், ஒயர் கழன்றிருக்கலாம், ரோட்டாரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய கார்பன் பிரஷ் தேய்ந்து தொடாமல் போயிருக்கலாம். எரியாத விளக்கைப் பலர் பொருட்படுத்துவதில்லை. எரிந்தால்தானே கவலை என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் முதல் தூண்டுதல் கிடைக்காததால் ஆல்டர்னேட்டர் தூங்கிக்கொண்டே இருக்கும், அல்லது எஞ்சினை ஒருமுறை பலமாக முறுக்கிய பிறகே விழிக்கும். ஒரு பல்பு கருகியதால் பேட்டரி இறங்கி நடுவழியில் நின்ற வண்டிகள் உண்டு. எங்கே அறுந்தது என்று அறிய, ஆல்டர்னேட்டரின் பிளக்கைக் கழற்றி, சாவியைப் போட்டு, விளக்கிலிருந்து வரும் பழுப்பு-மஞ்சள் ஒயரை ஒரு துண்டுக் கம்பியால் எர்த்தில் தொட வேண்டும். விளக்கு எரிந்தால் பல்பும் ஒயரும் சரி, கோளாறு ஆல்டர்னேட்டருக்குள்தான். எரியாவிட்டால் ஆல்டர்னேட்டர் மேல் பழி இல்லை.

எஞ்சின் ஓடும்போதும் விளக்கு பிரகாசமாகவே எரிந்தால் அந்த மறுமுனை பூஜ்யத்தை விட்டு நகரவில்லை என்று பொருள். பெல்ட் அறுந்ததா, வழுக்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எம்.ஜி.பி.யில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. அறுந்திருந்தால் பேட்டரி இறங்குவதற்கு முன் எஞ்சின் கொதித்துவிடும். அதனால் பிரகாசமான விளக்கைக் கண்டால் உடனே ஓரங்கட்டுவது நல்லது.

சாவியை எடுத்த பிறகும் எரிவது டையோடு உடைந்ததன் அடையாளம். ஒரே திசையில் மட்டும் விட வேண்டிய பெரிய டையோடு இரு திசையிலும் விடத் தொடங்கினால், பேட்டரியின் மின்சாரம் பின்வழியாக ஸ்டேட்டாருக்குள் நுழைந்து, சிறு டையோடுகளைத் தாண்டி, ரோட்டாருக்கும் விளக்குக்கும் போய்விடும். ரோட்டார் சுருளின் மின்தடை சுமார் 4 ஓம்தான். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 3 ஆம்பியர் குடிக்கும். இரவு 12 மணி நேரம் நின்றால் 36 ஆம்பியர்-மணி போய்விடும், காலையில் ஸ்டார்ட்டர் அசையாது. இங்கே மட்டும் ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதில் தயக்கம் வேண்டாம். உள்ளே உள்ள டையோடு தொகுதியை மட்டும் மாற்றினாலே போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது மிச்சமிருக்கும் கோளாறு: இரவில் மட்டும் மங்கலாக எரியும் விளக்கு. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு அப்படிப்பட்ட ஒரு வண்டியின் பானெட்டைத் திறப்போம். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடட்டும். ஹெட்லைட், ஹீட்டர் விசிறி, வைப்பர் எல்லாம் போட்டாயிற்று. மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு ஊசியை ஆல்டர்னேட்டரின் தடித்த பழுப்பு ஒயரிலும் இன்னொன்றைச் சின்ன பழுப்பு-மஞ்சள் ஒயரிலும் வைக்கிறோம். 0.1 வோல்ட். பெரிய டையோடுகள் தருவதும் சிறு டையோடுகள் தருவதும் சமம் என்றால் டையோடுகள் ஆரோக்கியமாக இருக்கின்றன. இப்போது ஒரு ஊசி ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரிலேயே இருக்க, மற்றதை ஃபியூஸ் பெட்டியின் வெள்ளை ஒயருக்குக் கொண்டுபோகிறோம். அங்கே 1.9 வோல்ட்! ஆல்டர்னேட்டரிலிருந்து புறப்பட்ட 14.2 வோல்ட்டில் 12.3 மட்டுமே சாவியைத் தாண்டி வந்திருக்கிறது. நடுவில் தொலைந்தது எங்கே? ஆல்டர்னேட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் சாலினாய்டு வரை 0.1. சாலினாய்டிலிருந்து இக்னிஷன் ஸ்விட்சின் பின்புறம் வரை 0.5. ஸ்விட்சுக்குள் நுழையும் பழுப்பு ஒயருக்கும் வெளியேறும் வெள்ளை ஒயருக்கும் நடுவே, ஒரு அங்குல தூரத்தில், 1.3. திருடன் பிடிபட்டான். ஸ்விட்சின் உள்ளே தேய்ந்து கருகிய தொடுமுனைகள்தான் காரணம்.

விளக்கின் ஒரு முனையில் 14.2, மறுமுனையில் 12.3. வித்தியாசம் 1.9 வோல்ட். 12 வோல்ட் பல்பின் இழை அதில் வெளிச்சம் தராது, வெறுமனே சிவக்கும். பகலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது; தவிர, பகலில் இவ்வளவு சுமையும் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மின்னோட்டம் இப்போது எதிர்த்திசையில், ஆல்டர்னேட்டரிலிருந்து சாவிப் பக்கமாகப் பாய்கிறது. டங்ஸ்டன் இழைக்குத் திசை தெரியாது. ஆல்டர்னேட்டர் குறைந்தாலும் எரியும், ஆல்டர்னேட்டர் சரியாக இருந்து மற்ற ஒயரிங் குறைந்தாலும் எரியும். பின்னதைக் காட்டத்தான் அது இரவெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அந்த வண்டியில் எத்தனை ஆல்டர்னேட்டர் மாற்றினாலும் விளக்கு அணையப்போவதில்லை.

ஸ்விட்ச் வழியாக 12 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொண்டால், 1.3 வோல்ட்டைத் தொலைக்க அங்கே 0.11 ஓம் மின்தடை இருந்தால் போதும். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவையில் இந்த 0.11 தெரியவே தெரியாது. மீட்டரின் சொந்த ஒயர்களே 0.2 ஓம் காட்டும். தவிர, ஓம் பார்க்கும்போது மீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர் கணக்கில். இருபது முப்பது இழைகளில் ஒன்றைத் தவிர எல்லாம் அறுந்த ஒயர்கூட அந்தச் சோதனையில் தேறிவிடும். அதனால் சுமை ஓடும்போது எத்தனை வோல்ட் தொலைகிறது என்று அளப்பதே முறை. என் கணிப்பில், ‘ஓம் பார்த்தேன், ஒயர் சரியாகத்தான் இருக்கிறது’ என்பது பழைய கார் பழுதுபார்ப்பில் மிக அதிகமாக ஆளை ஏமாற்றும் வாக்கியம்.

தொலைந்த வோல்ட் மாயமாகிவிடுவதில்லை, வெப்பமாகிறது. 1.3 வோல்ட்டை 12 ஆம்பியரால் பெருக்கினால் 15 வாட்டுக்கு மேல் வருகிறது. சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றுக்குப் போதுமான சூடு, ஒரு பிளாஸ்டிக் ஸ்விட்சுக்குள். மங்கலான விளக்கை அலட்சியம் செய்தால் ஒருநாள் புகை வாசம் வருவது இதனால்தான். எம்.ஜி.பி.யில் பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வருவது. அதில் கை வைக்கும் முன் பேட்டரியின் எர்த் டெர்மினலைக் கழற்றியே ஆக வேண்டும்.

ஒயரின் நிறத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அது அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களின் பெரிய வசதி. பி.எஸ். ஏ.யூ.7 என்ற பிரிட்டிஷ் தர நிர்ணயப்படி, பழுப்பு என்றால் எப்போதும் மின்சாரம் உள்ளது, ஃபியூஸ் இல்லாதது. ஊதா, எப்போதும் மின்சாரம், ஆனால் ஃபியூஸ் வழியாக. வெள்ளை, சாவி போட்டால் மட்டும். பச்சை, சாவியும் ஃபியூஸும் தாண்டி வருவது. சிவப்பு, சைடு விளக்குகள். நீலம், ஹெட்லைட். கறுப்பு, எர்த். எம்.ஜி., ட்ரையம்ஃப், ஆஸ்டின்-ஹீலி, ஜாகுவார் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இதே மொழி. ஒரு காரின் ஒயரிங்கைப் படிக்கக் கற்றவருக்கு மற்றவையும் கைவசமாகும்.

இந்தக் கார்களின் மின்சாமான்களைச் செய்த பர்மிங்ஹாம் நிறுவனமான லூகாஸை அமெரிக்க ரசிகர்கள் ‘இருளின் இளவரசர்’ என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலி நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை. ஆல்டர்னேட்டரோ ஸ்டார்ட்டரோ அநேகமாக நன்றாகவே உழைக்கின்றன; கெடுவது ஒயர்களை இணைக்கும் இடங்கள். ஒயர் நுனியில் குண்டு போன்ற சிறு பித்தளை முனை. இரண்டு முனைகளை எதிரெதிராகச் செருக, கறுப்பு ரப்பர் உறைக்குள் ஒரு குழல். புதிதில் அது கிச்சென்று பிடிக்கும். 50 ஆண்டு மழையும், பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பும் ரப்பருக்குள் ஊறிய பிறகு, இழுத்துப் பார்த்தால் பித்தளை மேல் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், குழலின் பிடி தளர்ந்திருக்கும், ஒயரின் செம்பு இழைகள் உறைக்குள்ளேயே கறுத்திருக்கும். களிம்பு மின்சாரத்தைச் சரியாக விடாது. விடாத இடம் சூடாகும். சூடானால் இன்னும் வேகமாகக் கெடும். தேய்த்துச் சுத்தம் செய்து கொஞ்சம் வாஸலின் தடவிச் செருகுவது அரைமணி வேலை. இறுக்கம் போன குழலை மட்டும் மாற்றிவிட வேண்டும். தேய்ப்பதால் பிடிப்பு திரும்பி வராது.

1967 வரை வந்த எம்.ஜி.பி.க்களில் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். லூகாஸ் சி40, 22 ஆம்பியர். அதற்குப் பல்பின் தூண்டுதல் தேவையில்லை, இரும்பில் மிஞ்சிய காந்தமே போதும். ஆனால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோவால் போதுமான மின்னழுத்தம் தர முடியாது. சிக்னலில் நிற்கையில் விளக்கு லேசாக எரிந்து, கிளம்பியதும் அணைந்தால் அங்கே அது கோளாறே அல்ல. நம் ஊரில் பழைய அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு இது பழகிய காட்சி. அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் எம்.ஜி.பி.யின் 1798 சிசி எஞ்சினும் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. லூகாஸும் டி.வி.எஸ்ஸும் சேர்ந்து 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். சென்னை பாடியில் இருந்துதான் இந்திய வண்டிகளுக்கு மின்சாமான் செய்தது. பாடிக்காரர்களுக்கு எம்.ஜி.பி. ஒயரிங் அந்நியமாகத் தோன்றாது.

சிவப்பு விளக்குக்குச் சொன்ன தர்க்கம் பக்கத்தில் உள்ள மற்ற விளக்குகளுக்கும் பொருந்தும். இண்டிகேட்டர் போடும்போது டேஷ்போர்டில் கண் சிமிட்டும் பச்சை விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு 21 வாட் பல்பு இரண்டு, மொத்தம் 3.5 ஆம்பியர். பழைய ஃபிளாஷருக்குள் இருக்கும் ஈருலோகத் தகடு அந்த மின்னோட்டத்தின் சூட்டில் வளைந்து வளைந்துதான் சிமிட்டலை உண்டாக்குகிறது. ஒரு பல்பு போனால் மின்னோட்டம் பாதியாகும், சூடு போதாது, பச்சை விளக்கு சிமிட்டாமல் எரிந்தபடியே நிற்கும். ஃபிளாஷர் கெட்டுவிட்டது என்று அதை மாற்றுவார்கள். அது தன் வேலையைச் சரியாகச் செய்து எங்கோ மின்னோட்டம் குறைந்திருப்பதைச் சொல்லியிருக்கிறது. இண்டிகேட்டர் போட்டால் பக்கத்தில் உள்ள சைடு விளக்கும் சேர்ந்து மினுக்குகிறது என்றால், அந்த விளக்குக் கூட்டின் எர்த் போய்விட்டது. வீடு திரும்ப வழியில்லாத மின்சாரம் பக்கத்து பல்பின் இழைக்குள் புகுந்து, சிவப்பு ஒயர் வழியாக வேறு விளக்குகளின் எர்த்தைத் தேடிப் போகிறது.

பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் மின்சாரத்தால் வேலை செய்யும் பிந்தைய மாடல்களில், இரண்டும் ஒன்றாக மேலே ஏறிக் காட்டினால் எஞ்சின் கொதிக்கிறது என்று பதற வேண்டாம். இரண்டுக்கும் பொதுவான ஒரு சிறு பெட்டி டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது: வோல்டேஜ் ஸ்டெபிலைசர். அதிலும் ஈருலோகத் தகடுதான். சூடாகி விலகும், ஆறி ஒட்டும். 12, 14 என்று ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை விட்டு விட்டுத் தந்து, சராசரியாக 10 வோல்ட் ஆக்கும். அதன் எர்த் விட்டுப்போனால் தகடு சூடாகவே சூடாகாது, எப்போதும் ஒட்டியே இருக்கும், முள்கள் முழு மின்னழுத்தத்தையும் வாங்கிக்கொண்டு உயரப் போகும். ஒரு முள் மட்டும் தப்பாகக் காட்டினால் அந்த முள்ளின் சென்சாரைப் பார்க்கலாம். இரண்டும் சேர்ந்து தப்பினால் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எது என்று கேட்க வேண்டும்.

ஒரு விளக்குக்கு வரிசை தலைகீழ். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்ற கார்களில் உள்ள எண்ணெய் அழுத்த விளக்கு. எம்.ஜி.பி.யில் அதற்குப் பதிலாக அழுத்தம் காட்டும் முள் இருக்கிறது. மற்ற விளக்குகளில் முதல் சந்தேகம் ஒயர் மேல் போகலாம். எண்ணெய் விளக்கு ஓடும்போது எரிந்தால் முதல் சந்தேகம் எஞ்சின் மேல். அந்த நொடியே எஞ்சினை நிறுத்தி, எண்ணெய் அளவைப் பார்த்து, ஸ்விட்சைக் கழற்றி அங்கே நேரடி அழுத்தமானியைப் பொருத்தி அளந்த பிறகே ஒயரைப் பற்றிப் பேசலாம். எண்ணெய் அழுத்தம் போன எஞ்சினின் பேரிங்குகள் மிக விரைவில் தேய்ந்து பிடித்துவிடும். அழுத்தம் நன்றாக இருந்தும் விளக்கு எரிகிறதென்றால் ஸ்விட்சின் வெள்ளை-பழுப்பு ஒயரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியும் எரிந்தால் ஒயர் எங்கோ உடம்பில் உரசி எர்த் ஆகியிருக்கிறது. அணைந்தால் ஸ்விட்ச் கெட்டிருக்கிறது. அமெரிக்காவுக்குப் போன எம்.ஜி.பி.க்களில் 1968 முதல் இருக்கும் பிரேக் விளக்குக்கும் இந்த மரியாதை உண்டு. இரண்டு பிரேக் சுற்றுகளில் ஒன்றில் அழுத்தம் போனால் எரிவது அது. மிதியை அழுத்திப் பார்க்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது.

டைனமோ காலத்திலிருந்து வந்த பழக்கம் ஒன்றை விட்டுவிட வேண்டும். சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் நிற்காவிட்டால் சரி என்பார்கள். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இதைச் செய்தால், ரோட்டாரின் காந்தம் ஒரே கணத்தில் அடங்காது. வாங்கிக்கொள்ள பேட்டரி இல்லாமல் மின்னழுத்தம் பல மடங்கு எகிறி டையோடுகளையும், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் கொன்றுவிடும். சோதனைக்கு முன் நன்றாக இருந்த ஆல்டர்னேட்டர் சோதனையால் சாகும். பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்து, எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்குச் சற்று மேல் இருக்கிறதா என்று பார்ப்பதே போதும். எம்.ஜி.பி.யில் பேட்டரி சீட்டுகளுக்குப் பின்னால், தரைக்கு அடியில் உள்ள குழியில் இருக்கிறது. 1970களின் நடுப்பகுதி வரை அங்கே 6 வோல்ட் பேட்டரி இரண்டு, தொடராக இணைத்தவை. கை எட்டாத இடம் என்பதால் அந்த டெர்மினல்களைப் பல வண்டிகளில் ஆண்டுக்கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது பலரும் டேஷ்போர்டின் பழைய பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போடுகிறார்கள். வெளிச்சம் அதிகம், சூடு குறைவு, கருகுவதும் இல்லை. மீட்டர்களுக்கு வெளிச்சம் தரும் இடத்தில் தாராளமாகப் போடலாம். சார்ஜ் விளக்கில் போட்டால் இரண்டு நஷ்டம். எல்.இ.டி. வழியே போவது சில மில்லி ஆம்பியர்தான். அதைக் கொண்டு ரோட்டார் காந்தமாகாது, ஆல்டர்னேட்டர் விழிக்காது. இதற்கு மாற்று உண்டு: எல்.இ.டி.க்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டினால் பழைய பல்பின் 0.18 ஆம்பியர் கிடைத்துவிடும். சாவி போட்டு எஞ்சின் ஓடாமல் நிற்கும்போது அது 2 வாட் அளவுக்குச் சூடாகும், அதனால் பிளாஸ்டிக்கையோ ஒயரையோ தொடாத இடத்தில் கட்ட வேண்டும். இரண்டாவது நஷ்டத்துக்கு இந்த ரெசிஸ்டரும் உதவாது. எல்.இ.டி. ஒரு திசையில்தான் எரியும். மின்சாரம் எதிர்த்திசையில் வந்தால் அதற்குக் கண் இல்லை. இக்னிஷன் ஸ்விட்ச் உள்ளே கருகிக்கொண்டிருந்தாலும் இரவில் எதுவும் சிவக்காது. மற்ற எல்லா பல்புகளையும் மாற்றிக்கொள்ளுங்கள். அந்த ஒரு இடத்தில் மட்டும் 2.2 வாட் பழைய பல்பே இருக்கட்டும்.